கடைசி ஊதியம்
(நோரிக்கம் என்னும் எல்லை மாகாணத்தின் வரலாறு)

பேரரசுகளின் வரலாற்றைத் தலைநகரத்து மாடத்தில் நின்று காண்பதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. அரியணை ஏறியவர் யார், இறங்கியவர் யார், இறக்கியவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தவுடன் வரலாறு முடிந்துவிட்டதாக எண்ணி ஏட்டை மூடிவிடுகிறோம். மேலை உரோமப் பேரரசு கி.பி. 476இல் வீழ்ந்தது என்று பாடநூல்கள் கூறும். அவ்வாண்டில் ஒடோவாக்கர் என்னும் படைத்தலைவன், ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்னும் இளம் பேரரசனைப் பதவியினின்று இறக்கினான் என்பது உண்மையே. ஆயினும் அப்பேரரசின் விளிம்பில், டான்யூப் ஆற்றங்கரையில், கோட்டைச் சுவர்களை அண்டி வாழ்ந்த எளிய மக்களுக்குப் பேரரசு என்று முடிந்தது? அது முடிந்ததை அவர்கள் எதனால் அறிந்தனர்? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தரும் மாகாணம் ஒன்று உண்டு. அதன் பெயர் நோரிக்கம்.

உரோமம் என்றவுடன் தமிழர்களாகிய நம் நினைவில் எழுவன பொற்காசும், மதுச்சாடியும், மிளகு ஏற்றிச் சென்ற மரக்கலமுமே. கடல்வழி வந்து வாணிகம் செய்த அந்த உரோமத்தைப் பற்றி நம் அறிஞர்கள் நிறைய எழுதியுள்ளனர். பனி மூடிய மலைகளுக்கு வடக்கே, ஓர் ஆற்றையே எல்லையாகக் கொண்டு, அரை வயிற்றுக் கஞ்சியுடன் காவல் காத்த உரோமத்தை நாம் அவ்வளவாக அறியோம். அதனை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

நாடும் மக்களும்

நோரிக்கம் இன்றைய ஆஸ்திரிய நாட்டின் பெரும்பகுதியையும், அதனை அடுத்த பவேரியா, சுலொவேனியா ஆகியவற்றின் சில பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்தது. வடக்கே டான்யூப் ஆறும் மேற்கே இன் என்னும் ஆறும் அதற்கு எல்லைகள். கிழக்கே பன்னோனியா மாகாணம்; நடுவே ஆல்ப்ஸ் மலைத்தொடர். கெல்ட்டு இனத்தார் அங்கே ஓர் அரசு அமைத்து ஆண்டு வந்தனர். அந்நாட்டு இரும்பு இத்தாலியில் பெரும்புகழ் பெற்றிருந்தது. கி.மு. 15ஆம் ஆண்டளவில், அகஸ்டஸ் காலத்தில், அவ்வரசு பெரும்போர் ஏதுமின்றி உரோமரின் ஆட்சிக்குள் வந்தது. கிளாடியஸ் பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54) முறையான மாகாணமாயிற்று. இன்றைய கிளாகன்பர்ட்டு நகருக்கு அண்மையிலிருந்த விருனம் அதன் தலைநகர்.

இரண்டாம் நூற்றாண்டில், மார்க்கஸ் அரேலியஸ் ஆட்சியில், டான்யூபுக்கு வடக்கே வாழ்ந்த மார்க்கோமன்னியர் முதலான இனத்தார் ஆற்றைக் கடந்து இத்தாலி வரை ஊடுருவினர். அதன்பின் இம்மாகாணத்தின் தன்மையே மாறியது. இரண்டாம் இத்தாலிக்கா என்னும் லீஜியன் படை இங்கே நிறுத்தப்பட்டு, முடிவில் லாரியாக்கம் என்னுமிடத்தில் நிலைகொண்டது. இன்றைய என்ஸ் நகரின் பகுதியாக விளங்கும் ஊர் அது. கி.பி. 212இல் காரகல்லா பேரரசன், பேரரசுக்குள் வாழ்ந்த உரிமைக்குடிகள் ஏறத்தாழ அனைவர்க்கும் உரோமக் குடியுரிமை வழங்கினான். அன்று முதல் நோரிக்கத்து உழவனும் கொல்லனும் சட்டத்தின்படி உரோமரே. இச்செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பேரரசு அவர்களைக் கைவிட்ட காலத்திலும் அப்பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை.

ஆட்சியின் அமைப்பு

மூன்றாம் நூற்றாண்டின் பெருங்குழப்பத்திற்குப் பின் அரியணை ஏறிய டயோகிளீசியன் (284–305) பேரரசின் ஆட்சிமுறையைப் புதிதாக அமைத்தான். பெரிய மாகாணங்களைச் சிறியனவாகப் பிரித்தான். நோரிக்கமும் இரண்டாயிற்று. டான்யூப் கரையை ஒட்டிய வடபகுதி ‘கரை நோரிக்கம்’ எனவும், மலைகளுக்கு உட்பட்ட தென்பகுதி ‘உள்நாட்டு நோரிக்கம்’ எனவும் பெயர் பெற்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர். கரை நோரிக்கத்தின் ஆளுநர் ஓவிலாவா என்னும் நகரில் இருந்ததாகக் கருதப்படுகிறது. அது இன்றைய வெல்ஸ். மாகாணங்கள் சில சேர்ந்தது ஒரு மண்டலம். மண்டலங்கள் சேர்ந்தது பிரிபெக்டு எனப்படும் பேரமைச்சரின் ஆட்சிப்பரப்பு.

இவ்வமைப்பின் உயிர்நிலை, குடியாட்சிப் பொறுப்பையும் படைப்பொறுப்பையும் வேறுவேறு கைகளில் வைத்ததே ஆகும். ஆளுநர் வழக்குத் தீர்ப்பார், வரி தண்டுவார், சாலைகளைப் பேணுவார். அவரிடம் படை இல்லை. படை ‘டக்ஸ்’ என்னும் எல்லைத் தளபதியிடம் இருந்தது. கி.பி. 400ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட பதவிப் பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. முதற் பன்னோனியாவுக்கும் கரை நோரிக்கத்துக்கும் சேர்த்து ஒரே தளபதி இருந்ததை அது காட்டுகிறது. லாரியாக்கத்தில் ஆற்றுக் கப்பற்படை ஒன்று இருந்ததையும், அங்கேயே அரசின் கேடயத் தொழிற்சாலை நடந்ததையும் அப்பட்டியலால் அறிகிறோம். தளபதியிடம் வாள் உண்டு, களஞ்சியம் இல்லை. ஆளுநரிடம் களஞ்சியம் உண்டு, வாள் இல்லை. ஒருவரே கிளர்ந்தெழுந்து முடிசூட முடியாதபடி வகுத்த வழி இது. உள்நாட்டுக் கலகத்திற்கு மருந்தாக வந்த இம்முறை பிற்காலத்தில் வேறொரு நோய்க்கு இடமளித்தது. களஞ்சியத்திலிருந்து பாசறைக்குச் செல்லும் வழி அறுபட்டால், அதனைத் தம் முயற்சியால் சீர்செய்துகொள்ளும் அதிகாரம் எல்லையில் எவருக்கும் இல்லாமற் போயிற்று.

ஆளுநரின் அலுவலகத்தில் பணியாற்றியோரும் படைவீரரைப் போலவே இடையில் கச்சை கட்டினர். அரசப் பணியின் அடையாளம் அக்கச்சை. அத்தகைய அலுவலகத்தின் தலைமைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற புளோரியன் என்பவர், கி.பி. 304இல், கிறித்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், தம் சமயத்தைக் கைவிட மறுத்தமையால் லாரியாக்கத்தில் என்ஸ் ஆற்றில் ஆழ்த்திக் கொல்லப்பட்டார். எல்லை மாகாணத்து எழுத்தர் ஒருவரின் வாழ்வில் நாம் பெயரோடு அறியக் கிடைப்பது அவருடைய மரணமே.

கூலமும் கூலியும்

இனி, இவ்வமைப்பை நடத்திய பொருளைப் பற்றிக் காண்போம். திருக்குறளின் பொருட்பாலில் நாடு, அரண் என்னும் அதிகாரங்களை அடுத்துப் பொருள்செயல்வகையும், அதன்பின் படைமாட்சியும் நிற்கின்றன. அரணுக்கும் படைக்கும் இடையே பொருள் நிற்கும் அவ்வரிசைக்கு உரை தேடுவோர் நோரிக்கத்தின் வரலாற்றைப் படித்தால் போதும்.

டயோகிளீசியன் காலம் முதல் வரி பெரும்பாலும் விளைபொருளாகவே தண்டப்பட்டது. நிலத்தையும் உழைக்கும் ஆட்களையும் அலகுகளாகக் கணக்கிட்டு, ஒவ்வோர் அலகுக்கும் இவ்வளவு எனத் தானியமும் இறைச்சியும் மதுவும் எண்ணெயும் துணியும் வாங்கப்பட்டன. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாளன்று தொடங்கும் வரியாண்டுக்குரிய தேவையைப் பேரமைச்சரின் அலுவலகம் வகுத்து அறிவிக்கும். அது மாகாணங்களுக்குப் பகிரப்பட்டு, மாகாணத்திலிருந்து நகரங்களுக்குப் பகிரப்படும். நகரவை உறுப்பினர்களே அதனைத் தண்டிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். குறைந்தால் தம் சொத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும். ஆகவே ஒரு காலத்தில் பெருமையாகக் கருதப்பட்ட நகரவைப் பதவி, தப்பி ஓட வேண்டிய சுமையாயிற்று. ஓடாதபடி சட்டம் தடுத்தது. தந்தையின் பதவி மகன் தலையில் ஏறியது. கி.பி. 332ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நிலத்தை விட்டு ஓடும் குத்தகை உழவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பவும், ஓட எண்ணுவோரை விலங்கிடவும் இடமளித்தது. படைவீரனின் மகன் படைக்கே உரியவன் ஆனான். எல்லாரும் தத்தம் இடத்தில் கட்டுண்டு நின்றால்தான் தானியம் எல்லைக்குச் சென்றுசேரும் என்னும் நிலை.

கான்ஸ்டன்டைன் பேரரசன் ஓர் உரோம இராத்தல் பொன்னுக்கு 72 காசு வீதம் ‘சாலிடஸ்’ என்னும் பொற்காசை வெளியிட்டான். நாளடைவில் தானியத்துக்கு மாற்றாகப் பொன்னாக வரி செலுத்துவதும், வீரர்க்குப் பொன்னாகவே ஊதியம் அளிப்பதும் பரவின. அவன் காலத்திலேயே படை இருவகைப்பட்டது. பேரரசனோடு செல்லும் நடமாடும் படை ஒன்று. ஆற்றங்கரைக் கோட்டைகளில் நிலைத்திருக்கும் கரைப்படை மற்றொன்று. 325ஆம் ஆண்டுச் சட்டம் கரைப்படையினரைத் தனிப்பெயரிட்டுக் குறிப்பிடுகிறது. முன்னதற்கே மதிப்பும் சலுகையும் மிகுதி. பின்னது மனைவி மக்களோடு கோட்டைக்குள் குடியிருந்து, தலைமுறை தலைமுறையாக அவ்வாற்றையே நோக்கிக்கொண்டிருந்தது.

இவ்வமைப்பு நெடுங்காலம் நன்கே நடந்தது என்பதை மறந்துவிடலாகாது. முதலாம் வாலண்டினியன் (364–375) டான்யூப் கரை நெடுகக் கோட்டைகளைப் புதுப்பித்தான், காவற்கோபுரங்களை எழுப்பினான். இப்ஸ் என்னுமிடத்தில் கிடைத்த 370ஆம் ஆண்டுக் கல்வெட்டு, லாரியாக்கத்துத் துணைப்படை வீரர்கள் காவலரண் ஒன்றை அடித்தளத்திலிருந்து கட்டி முடித்த செய்தியைக் கூறுகிறது. கல் சுமந்தவர்கள் ஊதியம் பெற்றனர். ஊதியம் பெற்றதனால் கல் எழுந்தது. கல்வெட்டு சொல்லாமற் சொல்வது இதுவே.

எவரும் விரும்பாத மாகாணம்

கி.பி. 378இல் ஏட்ரியனோபிள் போர்க்களத்தில் கீழைப் பேரரசன் வேலன்ஸ் கோதியரால் கொல்லப்பட்டான். 406இன் இறுதியில் வாண்டலியர் முதலான இனத்தார் ரைன் ஆற்றைக் கடந்தனர். அடுத்து மேற்குக் கோதியரின் தலைவன் அலாரிக் இத்தாலிக்குள் புகுந்தான். 408இல் உரோம் நகரை முற்றுகையிட்டு அவன் பெற்ற மீட்புப் பொருள்களைச் சோசிமஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் பட்டியலிடுகிறார். 5,000 இராத்தல் பொன், 30,000 இராத்தல் வெள்ளி, 4,000 பட்டாடைகள், செஞ்சாயம் தோய்த்த 3,000 தோல்கள், 3,000 இராத்தல் மிளகு. நம் மேற்கு மலைச்சாரலில் விளைந்து கடல் கடந்த மிளகு, உரோம் நகரின் உயிருக்கு விலையாக நிறுக்கப்பட்டது.

மறு ஆண்டு நடந்த பேச்சுகளில் அலாரிக் முதலில் வெனிசியா, நோரிக்கம், தல்மேசியா ஆகிய நாடுகளையும், ஆண்டுதோறும் பொன்னையும் தானியத்தையும் கேட்டான். அது மறுக்கப்படவே தன் கோரிக்கையைக் குறைத்துக்கொண்டான். பொன் வேண்டாம், இரு நோரிக்கங்கள் மட்டும் போதும், தானியம் பேரரசன் விரும்பிய அளவு தரட்டும் என்றான். அவை டான்யூபின் ஓரத்தில் கிடப்பவை, ஓயாத படையெடுப்புகளுக்கு ஆளாகுபவை, கருவூலத்துக்குச் சிறுவரியே தருபவை என்பது அப்போது கூறப்பட்ட காரணம். ரவென்னாவில் இருந்த ஹோனோரியஸ் பேரரசனின் அவை அதற்கும் இணங்கவில்லை. 410 ஆகஸ்டு 24ஆம் நாள் உரோம் நகர் சூறையாடப்பட்டது.

இச்செய்தியில் நோரிக்கத்து மக்களின் நிலை முழுவதும் அடங்கிவிடுகிறது. பகைவன் கேட்டபோது அது மதிப்பற்ற நாடு என்று பேசப்பட்டது, ஆயினும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. விட்டுக்கொடுக்க மனமில்லாத அவைக்குக் காப்பாற்றும் வலிமையும் இல்லை. பேச்சு நடந்த இடத்தில் நோரிக்கத்தார் ஒருவரும் இருந்திலர்.

இருளிடையே சிறு வெளிச்சமும் தோன்றியதுண்டு. 409ஆம் ஆண்டளவில் ஜெனரிடஸ் என்பவன் தல்மேசியாவுக்கும், மேலைப் பன்னோனியா, நோரிக்கம், ரேசியா ஆகியவற்றின் படைகளுக்கும் தலைவனாக அமர்த்தப்பட்டான். அவன் பிற இனத்தவன். பழைய சமயத்தைச் சார்ந்தவன். கிறித்தவர் அல்லாதார் அரசப் பணியின் கச்சை அணியலாகாது என்று சட்டம் வந்தபோது, கச்சையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் இருந்தான். அவனுக்கு மட்டும் விலக்களிக்கப் பேரரசன் முன்வந்தபோது, தன்னைப் போன்ற அனைவர்க்கும் அளித்தாலன்றி ஏற்கேன் என்றான், சட்டமே நீக்கப்பட்டது. அத்தகையவன் பதவி ஏற்றபின் செய்தவை இரண்டு. வீரர்களுக்கு ஓயாது பயிற்சியளித்தான். அவர்களுக்குரிய உணவுப்பொருள் இடையில் களவு போகாமல் அவர்கள் கைக்கே சேரச் செய்தான். கருவூலம் தனக்குத் தந்ததிலிருந்தும் வீரர்க்கு வழங்கினான். எல்லையில் அமைதி நிலவியது என்று சோசிமஸ் எழுதுகிறார். வேண்டியிருந்தது அவ்வளவே.

ஆனால் ஒரு நல்ல தளபதியால் கருவூலத்தை நிரப்ப இயலாது. 430, 431ஆம் ஆண்டுகளில் நோரிக்கத்தாரே கிளர்ந்தெழ, ஏட்டியஸ் என்னும் பெருந்தளபதி படையுடன் வந்து அவர்களை அடக்கினான். 439இல் வாண்டலியர் கார்த்தேஜ் நகரைக் கைப்பற்றினர். மேலைப் பேரரசின் தானியக் களஞ்சியமும் வரிச் சுரங்கமுமாயிருந்த ஆப்பிரிக்கா கைந்நழுவியது. அதன் விளைவு விரைவில் சட்ட ஏட்டிலேயே பதிவாயிற்று. மூன்றாம் வாலண்டினியனின் 444ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தளர்ந்துபோன வரிசெலுத்துவோரிடமிருந்து வருவதைக் கொண்டு புதிய வீரர்க்கு மட்டுமன்றிப் பழைய படைக்கும் உணவும் உடையும் தர இயலவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, விற்கப்படும் பொருள்மீது இருபத்துநான்கில் ஒரு பங்கு புதுவரி விதித்தது. ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகம் வீழ்ந்தால் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஒரு வீரனின் தட்டில் சோறு குறையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

449இல் ஹூணர் தலைவன் அட்டிலாவின் பாசறைக்குச் சென்ற கீழைத் தூதர்களுள் பிரிஸ்கஸ் என்னும் வரலாற்றாசிரியரும் ஒருவர். மேலைப் பேரரசின் தூதர்களையும் அவர் அங்கே சந்தித்தார். அவர்களுள் நோரிக்கத்தின் ஆளுநர் புரோமோட்டஸ் என்பவரும் இருந்தார். அடகு வைக்கப்பட்ட கோயிற்கலங்கள் சிலவற்றைப் பற்றி அட்டிலாவின் சினத்தைத் தணிப்பது அத்தூதுக் குழுவின் வேலை. நோரிக்கத்தின் ஆளுநராக நமக்குப் பெயர் தெரிந்தவர்களில் இவரே கடைசியானவர்.

கடைசி ஊதியம்

அட்டிலா 453இல் இறந்தான். மறு ஆண்டு நெடாவோ ஆற்றங்கரைப் போரில் ஹூணப் பேரரசு சிதறியது. அதன் கீழிருந்த இனங்கள் தனித்தனி அரசுகள் ஆயின. ரூகியர் என்போர் டான்யூபின் வடகரையில், பாவியானிஸ் கோட்டைக்கு எதிரே, அரசு அமைத்தனர். பாவியானிஸ் என்பது இன்றைய மாட்டர்ன். அவ்வாண்டுகளில் கீழ்த்திசையிலிருந்து செவரினஸ் என்னும் துறவி ஒருவர் நோரிக்கத்துக்கு வந்து சேர்ந்தார். தம் ஊரையும் குலத்தையும் அவர் எவரிடமும் கூறியதில்லை. 482 சனவரி 8ஆம் நாள் பாவியானிஸில் மறைந்தார். அவருடைய வரலாற்றை, அவர் மடத்தைச் சார்ந்த யூஜிப்பியஸ் என்பவர் இத்தாலியில் இருந்துகொண்டு 511இல் எழுதினார். அடியார் வரலாறாதலின் அற்புதங்கள் அதில் நிறைந்துள்ளன. அவற்றை நம்புவதும் நம்பாமையும் அவரவர் விருப்பம். ஆனால் அற்புதங்களுக்கு இடையிடையே ஆசிரியர் போகிறபோக்கில் கூறிச்செல்லும் ஊர்ச்செய்திகள், ஒரு மாகாணம் உயிர்விடும் காட்சியைக் கண்ணெதிரே காட்டும் சான்றுகள் ஆகும். வேறெந்த எல்லை மாகாணத்துக்கும் இவ்வளவு நெருக்கமான பதிவு கிடைப்பது அரிது.

அந்நூலின் இருபதாம் பகுதியில் உள்ள செய்தி இது. உரோம ஆட்சி நிலைபெற்றிருந்த காலத்தில் பல ஊர்களில் வீரர்கள் எல்லைக் காவலுக்காக அரசின் ஊதியம் பெற்று வாழ்ந்தனர். அவ்வழக்கம் நின்றதும் படைகள் கலைந்தன. எல்லையும் உடன் மறைந்தது. பதாவிஸ் கோட்டையின் படை மட்டும் எவ்வாறோ நிலைத்திருந்தது. அது இன் ஆறு டான்யூபில் கலக்குமிடத்தில், நோரிக்கத்தை அடுத்த ரேசியா மாகாணத்தின் விளிம்பில் இருந்த ஊர்; இன்றைய பாசாவ். அப்படையினருள் சிலர், தம் தோழர்களுக்குரிய கடைசி ஊதியத்தைப் பெற்றுவர இத்தாலிக்குப் புறப்பட்டுச் சென்றனர். வழியில் பகைவர் அவர்களைக் கொன்றுவிட்டனர். ஊரில் எவருக்கும் அது தெரியாது. ஒருநாள் செவரினஸ் தம் அறையில் படித்துக்கொண்டிருந்தவர், திடீரென நூலை மூடிப் பெருமூச்செறிந்து கண்ணீர் விட்டார். ஆற்றுக்கு விரைந்து செல்லுமாறும், அந்நேரம் அது மனிதக் குருதியால் சிவந்திருப்பதாகவும் அருகிலிருந்தோரிடம் கூறினார். அப்போதே செய்தி வந்தது: வீரர்களின் உடல்களை ஆற்றுவெள்ளம் கரையில் ஒதுக்கியிருக்கிறது என்று.

இதனுள் உள்ள அற்புதத்தை ஒதுக்கிவிட்டாலும் எஞ்சுவது பெரிது. அவ்வீரர்கள் படையை விட்டு ஓடியவர்கள் அல்லர். கலகம் செய்தவர்களும் அல்லர். பல காலம் ஊதியமின்றியும் காவலை விடாமல் நின்று, தமக்குரியதை முறைப்படி கேட்டுவரத் தாமே புறப்பட்டவர்கள். அவர்கள் நம்பிய அரசு அக்கரையில் இருக்கிறதா என்பதே ஐயத்துக்குரியதாயிருந்த காலம் அது. பேரரசின்மீது கடைசி வரை நம்பிக்கை வைத்திருந்தவர்கள் தலைநகரத்துச் செல்வர்கள் அல்லர். பதாவிஸ் கோட்டையின் அந்தச் சில வீரர்களே. நோரிக்கத்துக்குப் பேரரசு முடிந்தது அரசன் இறங்கியபோதன்று. ஊதியம் கொண்டுவரச் சென்றவர்கள் உயிரோடு திரும்பாதபோது முடிந்தது.

பதவியில்லா ஆட்சி

அரசு மறைந்தால் அரசின் வேலைகள் மறைவதில்லை. மக்களுக்குப் பசி உண்டு, குளிர் உண்டு, பகை உண்டு. அவற்றை யாரேனும் கவனிக்கவேண்டும். எப்பதவியும் இல்லாத செவரினஸ் அவ்வேலைகளை மேற்கொண்டதே நூல் கூறும் செய்தி.

பாவியானிஸில் பஞ்சம் வந்தபோது, புரோக்குலா என்னும் செல்வக் கைம்பெண் தானியத்தைப் பதுக்கி வைத்திருந்தாள். செவரினஸ் அவளை மக்கள்முன் கடிந்து, பதுக்கியதை வெளிக்கொணரச் செய்தார். இன் ஆற்றில் பனிக்கட்டியில் சிக்கிக்கிடந்த ரேசியாவின் தானியப் படகுகள் பின்னர் வந்துசேர்ந்தன. உள்நாட்டு நோரிக்கத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பி, விளைவில் பத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கெனத் தண்டினார், ஆடைகளும் திரட்டினார். கடுங்குளிரில் மாக்சிமஸ் என்பவர் தலைமையில் ஆட்கள் துணிமூட்டைகளை முதுகில் சுமந்து ஆல்ப்ஸ் பனியைக் கடந்து வந்தனர். வணிகர் மிக அரிதிற் கொண்டுவரும் எண்ணெயை லாரியாக்கத்தில் ஏழைகளுக்குப் பங்கிட்டளித்தார். தானியம், துணி, எண்ணெய் என்னும் இவை அனைத்தும் முன்னாளில் அரசின் வரிப்பட்டியலில் இருந்த பொருள்களே. அன்று சட்டத்தின் வன்மையால் தண்டப்பட்டவை இன்று ஒருவர்மீதுள்ள மதிப்பினால் தண்டப்பட்டன. சிலர் காலந்தாழ்த்தினர் என்பதையும் நூல் மறைக்கவில்லை.

பாவியானிஸின் படைத்தலைவர் மமெர்ட்டினஸ் பகைவரைத் துரத்தத் தயங்கினார். வீரர் மிகச் சிலர், படைக்கலமும் குறைவு என்றார். செவரினஸ் அவரை ஊக்கி அனுப்பினார்; கொள்ளையர் தோற்றனர்; அவர்களுடைய படைக்கலங்களே ஊருக்குப் படைக்கலம் ஆயின. அலமானிய அரசன் கிபுல்டஸுடன் பேசி, அவன் சிறைப்பிடித்திருந்தவர்களில் எழுபதின்மர் அளவில் மீட்கப்பட்டனர். அக்கரைக்கும் இக்கரைக்கும் பகை மட்டுமே இருந்ததாக எண்ணவேண்டா. வடகரையில் ரூகியர் நடத்திய சந்தைகளுக்கு உரோமர் சென்றுவந்தனர். எல்லைக்கோடு அறிஞர் வரையும் படத்தில்தான் கூர்மையானது. ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கு அது ஒரு துறையும் ஆகும்.

இத்தனை முயற்சிக்கிடையிலும் மாகாணம் சுருங்கிக்கொண்டே வந்தது. குவிண்டானிஸ் மக்கள் தம் ஊரைவிட்டுப் பதாவிஸுக்கு வந்தனர். பதாவிஸையும் விட்டுப் பலர் லாரியாக்கத்துக்குப் பெயர்ந்தனர். அங்கே ஓரிரவு, செவரினஸின் வற்புறுத்தலால் மக்கள் மதில்மேல் காவல் நின்றபோது, தீவட்டி பட்டு வைக்கோற்போர் ஒன்று தற்செயலாகப் பற்றியெரிந்தது. ஊரெல்லாம் கூச்சல். காட்டில் பதுங்கியிருந்த பகைவர் தம்மைக் கண்டுகொண்டனர் என்றெண்ணி அடங்கிப்போயினர். பொழுது விடிந்ததும் அவர்கள் விட்டுச்சென்ற ஏணிகளை மக்கள் கண்டெடுத்தனர்.

பின்னர் ரூகிய அரசன் ஃபேவா படையுடன் வந்தான். லாரியாக்கத்தில் திரண்டிருந்த மக்களைத் தனக்குத் திறை கட்டும் ஊர்களில் குடியேற்றுவது அவன் எண்ணம். முதியவரான செவரினஸ் இரவெல்லாம் நடந்து, நகரிலிருந்து இருபதாவது மைலில் விடியற்காலையில் அவனை எதிர்கொண்டார். அலமானியரும் தூரிங்கியரும் இவர்களைக் கொள்ளையிடுமுன் நானே அழைத்துச்சென்று காப்பேன் என்பது அரசனின் வாதம். வாளால் துரத்தப்படாமல், தம் பொறுப்பில் அமைதியாக அம்மக்கள் பெயர்ந்து செல்லட்டும் என்று கேட்டார் செவரினஸ். அரசன் படையுடன் திரும்பினான். மக்கள் பாவியானிஸை அடுத்த ஊர்களில் குடியமர்ந்தனர். வரி வாங்குபவன் மாறினான். ஆனால் வரி செலுத்துவோர் உயிரோடிருந்தனர். அந்நாளில் அதுவே பெரிய வெற்றி.

புறப்பாடு

செவரினஸ் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 487இல், இத்தாலியை ஆண்ட ஒடோவாக்கர் ரூகியரோடு போரிட்டு ஃபேவாவையும் அரசி கிசோவையும் சிறைப்பிடித்தான். இளமையில், எளிய தோலாடை உடுத்து இத்தாலிக்குப் போகும் வழியில், செவரினஸின் தாழ்ந்த குடிசையில் தலை குனிந்து நின்று வாழ்த்துப் பெற்றுச் சென்றவன் இதே ஒடோவாக்கர்தான். 488இல் அவன் உடன்பிறந்தான் ஒனூல்ப் நோரிக்கத்துக்கு வந்தான். அங்குள்ள உரோமர் அனைவரும் இத்தாலிக்குக் குடிபெயர வேண்டும் என்று ஆணை பிறந்தது. பியெரியஸ் என்னும் அதிகாரி புறப்பாட்டை நடத்தினான். செவரினஸின் உடலை மக்கள் வண்டியில் ஏற்றி உடன் கொண்டுசென்றனர். அது முடிவில் நேப்பிள்ஸை அடுத்த லூக்குல்லஸ் கோட்டையில் வைக்கப்பட்டது. பதவியிழந்த ரோமுலஸ் அகஸ்டுலஸுக்கு ஒடோவாக்கர் வாழிடமாகக் கொடுத்ததும் அவ்விடமே. கடைசிப் பேரரசனும் கடைசி மாகாணத்தின் காவலரும் ஒரே இடத்தில் வந்துசேர்ந்தனர்.

எல்லாரும் சென்றுவிட்டனரா என்றால், இல்லை. சால்ஸ்பர்க்கைச் சூழ்ந்த நிலத்தில் வால்ஸ், ஸீவால்கன், ஸ்ட்ராஸ்வால்கன் என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. உரோம மொழி பேசுவோரைச் செருமானியர் குறித்த சொல்லே அவற்றின் வேர். ஆணைக்குப் பணிந்து வண்டியேறியவர் பலர். நிலத்தை விட மனமின்றித் தங்கியவரும் இருந்தனர் என்பதற்கு அவ்வூர்ப்பெயர்களே கல்வெட்டு. டான்யூப் கரையில் எஞ்சி நிற்கும் கோட்டைச் சின்னங்கள் 2021ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. மாட்டர்னில் குதிரை லாட வடிவக் கோபுரமொன்று இன்றும் நிற்கிறது.

அக்கோபுரம் சுவரின் வலிமையைக் காட்டுகிறது. யூஜிப்பியஸின் நூல் வேறொன்றைக் காட்டுகிறது. உழவனின் களத்திலிருந்து நகரவையின் கணக்குக்கும், அங்கிருந்து ஆளுநரின் களஞ்சியத்துக்கும், அங்கிருந்து ஆற்றங்கரை வீரனின் கைக்கும் சென்ற ஒரு மெல்லிய இழைதான் நோரிக்கத்தைப் பேரரசோடு பிணைத்திருந்தது. அவ்விழையின் பெயர் வரி அன்று, படை அன்று, கொடுத்த சொல்லைக் காப்பது. விளிம்பில் நிற்பவனுக்குத் தரவேண்டியது தவறாமல் சென்றுசேரும் வரையில் நாடு நாடாக இருக்கும். அது நின்றபின் கல்லும் சுண்ணமும் நிற்கலாம், நாடு நிற்பதில்லை. பதாவிஸ் வீரர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய கணக்கை வரலாறாவது தீர்த்துவைக்கட்டும்.